அவர் சொல்ல நான் எழுதிய கையேடு

எனக்கு அந்த வேலை கிடைத்தபோது வயது முப்பத்தொன்று. பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு மயிலாப்பூர் குளத்தருகே பன்னிரண்டு பி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குள் தி.நகர் போய்விடலாம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், கீழே ரெடிமேட் துணிக்கடை, மாடியில் எங்கள் ஆபீஸ். ஏழெட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பராமரித்துத் தருவது தொழில். யாருக்கு என்ன நோய், எந்த டாக்டர் பார்க்கிறார், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் எங்கள் சர்வர் அறைக்குள் இருந்தது.

நான் படித்தது பி.ஏ. ஆங்கிலம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனேன். என்னை அவர்கள் எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. டேட்டாபேஸை எப்படி நடத்துவது என்று ஒரு கையேடு எழுத வேண்டும்.

முதல் நாளே மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு விளக்கினார். அவரும் மயிலாப்பூர்க்காரர், என் மாமனாருக்குத் தெரிந்தவர். வேலை கிடைத்ததே அந்த வழியில்தான்.

“ரெண்டாயிரமாவது வருஷம் வரப் போறது. கம்ப்யூட்டர்லாம் தேதியைக் கோட்டை விட்டுடும்னு ஆஸ்பத்திரிக்காரா பயப்படறா. எல்லாத்துக்கும் எழுத்துல கேக்கறா. நம்மகிட்ட ஒரு காகிதம் கிடையாது. எல்லாம் அவர் ஒருத்தர் தலைக்குள்ள இருக்கு. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம எங்க போய் நிக்கறது சொல்லுங்கோ?”

‘அவர்’ சர்வர் அறையில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். நொச்சிக்குப்பத்துக்காரர். அம்மா பட்டினப்பாக்கம் ரோட்டோரம் மீன் விற்றுப் படிக்க வைத்த ஒரே பிள்ளை. பத்தாவது முடித்து, டைப் அடிக்கக் கற்று, டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக இதே ஆபீஸில் சேர்ந்தவர். அப்போது டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அமெரிக்கா போய்விட, அன்று மத்தியானமே எதுவோ நின்றுபோக, இவர்தான் தட்டித் தடவி அதைக் கிளப்பியிருக்கிறார். அன்றிலிருந்து ஏழு வருடமாக அதை அவரே பார்த்துக்கொண்டார். அவர் லீவு போட்டால் ஆபீஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

நான் நோட்டுடன் போய் நின்றதும் கையை எடுத்துக் கும்பிட்டார்.

“மேடம், நீங்க எது வேணா கேளுங்க, வாயால சொல்றேன். எழுத மட்டும் சொல்லாதீங்க.”

“நான்தானே சார் எழுதப் போறேன். நீங்க சொன்னாப் போதும்.”

“அதான் மேடம் நானும் சொல்றேன். எழுதக் கூடாது.”

இரண்டு வாரம் அப்படியே போனது. காலையில் போய் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். டீ வாங்கிக் கொடுப்பார், தன் மகள் பள்ளியில் செய்த சேட்டையைச் சொல்வார், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வராது. அவருக்கும் எனக்கும் ஒரே பஸ். ஒரு நாள் அதில் திரும்பும்போது காரணத்தைச் சொன்னார். அவருடைய தம்பி முறையில் ஒருவர், கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். எந்த அலமாரியில் எந்த உதிரிப்பாகம் என்று பார்க்காமலே சொல்கிறவர். கம்ப்யூட்டர் வருகிறது என்று சொல்லி அவரிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“எழுதறதுக்கு மிந்தி ஆளு வேணும். எழுதினப்பால காயிதம் போதும். புரியுதா மேடம்?”

“இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்றேன். “கிளையன்ட் கேக்கறாங்க, அவ்வளவுதான்.”

அப்போது எனக்கு அதற்கு மேல் தெரியாது. தெரியாத விஷயத்தைத்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலை, நான் உட்கார்ந்ததும், “எழுதிக்குங்க” என்றார்.

ஐந்து மாதம் எழுதினேன். அவர் சொல்வதைத் தமிழிலேயே ஃபூல்ஸ்கேப் தாளில் கிறுக்கிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் ஆங்கிலத்தில் அடிப்பேன். காலையில் சர்வரைப் பார்ப்பது, பேக்கப் டேப்புகளுக்கு எண் போட்டு வைப்பது, டிஸ்க் நிறைந்தால் செய்வது, கரண்ட் போனால் செய்வது. அவர் கைக்கு எல்லாம் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. “இத்த அடிக்கணும், அப்பால ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணணும்” என்பார். ஏன் இரண்டு நிமிஷம் என்று கேட்டால் யோசிப்பார். “ஒருக்கா வெயிட் பண்ணாம உட்டேன் மேடம். பேஜாராப் பூட்ச்சி” என்பார். நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். மூன்றாவது தடவையில் காரணம் வந்துவிடும். வந்ததும் அவரே ஆச்சரியப்படுவார். “ஓ, அதுக்குத்தான் செஞ்சுகினு இருந்தேனா!”

டேட்டாபேஸின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு கதை இருந்தது. நோயாளிகளின் அட்டவணையில் கடைசியில் ஒரே ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். பெரும்பாலும் காலி. அங்கங்கே இசட் என்று மட்டும் இருந்தது.

“இது என்ன சார்?”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். செக்கப்புக்கு வரச் சொல்லி நோயாளிகளுக்குத் தபாலில் நினைவூட்டுக் கடிதம் போகும். அதை நாங்கள்தான் அச்சடித்துக் கொடுப்போம். ஒரு நாள் ஒரு பெரியவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, விலாசம் விசாரித்து, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். கடிதம் அவர் மகன் பெயருக்கு. மகன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாதா மாதம் கடிதம் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

“கத்துவார்னு பாத்தேன் மேடம். கத்தல. ‘அவன் வர மாட்டான் சார், தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க’ன்னார். அவ்ளோதான். அன்னிக்கே இந்தக் கட்டத்தப் போட்டேன். இசட்டுனா பூட்டாங்கன்னு அர்த்தம். லெட்டர் போவாது.”

“யாரு போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அப்பால ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிக் கேட்டு, பழசெல்லாம் போட்டேன். ஒரு மாசம் ஆச்சி.”

அதை எப்படி எழுதுவது என்று அன்று முழுவதும் யோசித்தேன். கடைசியில், ‘இசட்: இறந்தவர். கடிதம் அனுப்பக் கூடாது’ என்று எழுதினேன். கையேட்டில் அதற்கு மேல் இடமில்லை.

அறுபத்தோராம் பக்கமும் அவர் சொன்னதுதான். ஒரு பொறுப்பாளர் வேலையை விட்டு விலகும்போது செய்ய வேண்டியவை. ஏழு படிகள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், சாவியை வாங்க வேண்டும், இப்படி. மூன்றாவது படியில் நிறுத்தி, “இத்த அடிக்கோடு போட்டு எழுதுங்க” என்றார். “போனவன் லாகின் பேர அழிக்கக் கூடாது. அழிச்சா அவன் கட்டினதெல்லாம் சேந்து அழிஞ்சிடும். பூட்டு மட்டும்தான் போடணும்.”

அடிக்கோடு போட்டேன்.

கையேடு முடிந்தது. நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங். மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“நன்னா வந்திருக்கு. ஒண்ணு பண்ணுங்கோ. சனிக்கிழமை அவர் லீவு, மச்சினிச்சி கல்யாணம்னு சொன்னார். அன்னிக்கு யாரையும் கேக்காம, இந்தப் புஸ்தகத்தை மட்டும் வெச்சுண்டு, டெஸ்ட் மெஷின்ல முழு டேட்டாவையும் டேப்லேர்ந்து எடுக்க முடியறதான்னு பாருங்கோ. அவர்கிட்ட சொல்லிண்டிருக்க வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும், சர்வர் அறைப் பக்கம் போகாமல் நேராக என் மேஜைக்குப் போனது நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை டேப்பைச் செருகினேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாக. அவர் இரண்டு நிமிஷம் என்று சொன்ன இடத்தில் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் காத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் வந்துவிட்டது. எண்ணிக்கை சரி, கடைசி நோயாளி வரை சரி. யாரும் இல்லாத அந்த அறையில் கை தட்டாத குறை. நான் எழுதிய ஒன்று முதல்முறையாகத் தானே எழுந்து நடந்தது. மேனேஜர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பெண்ணுக்கு ஜாங்கிரி வாங்கினேன்.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையை என்னிடம் நீட்டினார். பிறகு ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், டெஸ்ட் மெஷின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். 

செவ்வாய்க்கிழமை, “மேடம், அந்த புக்க ஒருக்கா குடுங்க” என்றார். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் வரும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பதினோரு இடத்தில் பென்சிலால் திருத்தியிருந்தார்.

“இந்த எடம் தப்பா கீது. மாசக் கடைசில ரெண்டு டேப்பு ஆவும். இதும்படி செஞ்சா மொத டேப்போட நின்னுடும், பாதிப் பேரு காணாமப் பூடுவாங்க. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மாத்திடுங்க.”

மாற்றினேன். அவர் முகத்தைப் பார்க்காமல் மாற்றினேன்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து போய்க் கதவு சாத்திய உடனே என் இன்டர்காம் அடித்தது.

“அந்த அறுபத்தோராம் பக்கம் இருக்கே, அதை இப்பப் பண்ணிடுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னார். பின்னணியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அது அவர் உட்காரும் சத்தமாக இருக்க வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். புத்தகத்தைத் திறந்து அறுபத்தோராம் பக்கத்தை எடுத்தேன். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் அவர் பெயரை அழிக்காமல் பூட்டுப் போட்டேன். சாவி தவிர மற்ற ஆறும் முடிய பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து டேப் அலமாரிச் சாவியை எடுத்து, நான் கேட்பதற்கு முன்னால், மேஜை மேல் வைத்தார். டிபன் டப்பா, ஒரு துண்டு, மகள் கிரேயானில் வரைந்து கொடுத்த மீன் படம். அவ்வளவுதான் அவருடைய பொருட்கள்.

“வரேன் மேடம்.”

நான் சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன்.

இரண்டு மாதம் அப்படியே கழிந்தது. என் சம்பளம் கூடியது, பதவியின் பெயரும் மாறியது. பஸ்ஸில் தினமும் ஏறுவேன். அவர் பட்டினப்பாக்கத்திலேயே ஏறி எனக்காகப் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர இடத்தில் வேறு யாராவது இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

“அங்க எதுக்குப் போறே? அவா ஆத்துல போய் என்ன சொல்லப் போறே?” என்றார். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து நொச்சிக்குப்பம் இருபது நிமிஷ நடை. பிறந்ததிலிருந்து மயிலாப்பூரில் இருக்கிறேன், அன்றுதான் அந்தக் குடியிருப்புக்குள் முதல் தடவை நுழைந்தேன். விசாரித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அவர் மனைவி கதவருகே உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

“நீங்கதானா? உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு. அவரு சொல்றத இன்னா அழகா எழுதறாங்கன்னு சொல்லிக்கினே இருப்பாரு. உள்ள வாங்க.”

அவர் உள்ளேயிருந்து வந்தார். இளைத்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். காபி வந்தது. குடிக்காமல் சொன்னேன்.

“சார், அந்தச் சனிக்கிழமை நான்தான் டெஸ்ட் பண்ணேன். உங்களுக்குத் தெரியாம.”

“தெரியும் மேடம். யாரு எப்ப இன்னா பண்ணாங்கன்னு மெஷின்ல பதிவாவும், திங்கக்கிழமையே அத்தப் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா புக்கைத் திருத்திக் குடுத்தீங்க?”

மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

“பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? ஆஸ்பத்திரி டேட்டா மேடம் அது. என்னைய அனுப்பறான்னு அதுல கைய வைப்பேனா? தப்பா கீதுன்னு தெரிஞ்சிகினே உட்டுட்டுப் போவேனா?”

நான் அழுதேன். அவர் மனைவி என் தோளைத் தொட்டார். அவர் மட்டும் அசையவில்லை. என்னைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறேனே என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன்.

ஆறு இடத்துக்குப் போயிருந்தார். எல்லா இடத்திலும் டிகிரி கேட்டார்கள். டிகிரி இல்லை என்றால் அனுபவச் சான்றிதழ். ஆபீஸ் கொடுத்த சான்றிதழை எடுத்துவந்து காட்டினார். ஒன்பது வருடம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகப் பணியாற்றினார், நடத்தை திருப்திகரமானது. அவர் பதவியின் பெயரை யாரும் மாற்றவே இல்லை.

“டேட்டாபேஸ் நாந்தான் பாத்துகினேன்னு சொன்னா சிரிக்கறாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க மேடம். ஆபீஸ்ல சொல்லி, நான் இன்னா வேலை பாத்தேன்னு மட்டும் ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

மறுநாளே மேனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெகார்டுல என்ன டெசிக்னேஷன் இருக்கோ அதுதானே குடுக்க முடியும்? இல்லாததை எப்படி எழுதறது?” என்றார். புதன்கிழமை மறுபடி கேட்டேன். “இதை இத்தோட விட்டுடுங்கோ” என்றார். விட்டுவிட்டேன்.

அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து நானே எழுதினேன். இரண்டு பக்கம். ஏழு வருடம் தனியொருவராக அந்த டேட்டாபேஸை நடத்தியது, ஒரு நாள் தகவல்கூடத் தொலையாதது, நான் எழுதிய கையேட்டின் ஒவ்வொரு வரியும் அவர் அறிவு என்பது. இசட் பற்றியும் எழுதினேன், இந்த முறை அந்தப் பெரியவர் வந்ததையும் சேர்த்து. நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். கீழே என் பெயர், பதவி, கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று, விரலை வைத்து, இரண்டு பக்கத்தையும் படித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். முடித்ததும் முதல் பக்கத்தின் மேல்பகுதியைப் பார்த்தார், திருப்பிக் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தார்.

“நல்லா எழுதிக்கிறீங்க” என்றார். “ஆனா கம்பெனி சீல் இல்லியே மேடம்.”

“அவங்க தர மாட்டேன்னுட்டாங்க சார்.”

“ம். பரவால்ல.”

நான்காக மடித்துத் திரும்ப என்னிடமே நீட்டினார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். சரி என்று அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அவர் மனைவி கீழே வந்து ரோடு வரை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் ராயப்பேட்டையில் ஒரு பெரிய மருந்துக் கடையில் பில் அடிக்கும் வேலைக்கு அவர் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. மாமனாருக்கு மருந்து வாங்க அந்தக் கடைதான் பக்கம் என்றாலும், அடையாறு வரை போய் வாங்கி வந்தேன். அந்த ஆபீஸில் நான் இன்னும் நான்கு வருடம் இருந்தேன்.